திருத்தி நிமிர்த்திய கைகள்

இங்கிலாந்தின் பழைய பேராலயங்களைப் பற்றி எழுதுவோர் அவற்றின் உயரத்தையும் அழகையும், அவற்றைக் கட்டுவித்த மன்னர்களையும் ஆயர்களையும் விரிவாக எழுதுவர். அவை இடிந்து விழுந்த கதையை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவர். ஈலியில் 1322ஆம் ஆண்டு நடுக்கோபுரம் விழுந்தது. வின்செஸ்டரில் 1107இல் விழுந்தது. யோர்க்கில் 1407இல் விழுந்தது. வெல்ஸில் விழ இருந்தது. சால்ஸ்பரியில் இன்றும் சாய்ந்தபடியே நிற்கிறது. இந்த ஐந்து இடங்களையும் நேரிற் சென்று பார்த்தபின், முதலிற் கட்டிய கைகளிலும் பார்க்க, பின்னர் திருத்திய கைகளே எமக்குப் பெரிதாகத் தோன்றின. அதை எழுதவே இக்கட்டுரை.

லண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் பழைய மாணவிகள் அறுவர் இரண்டு கோடைகாலங்களில் இப்பயணங்களை மேற்கொண்டோம். எங்களுள் சைவர்கள் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்தவரும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், தாதி ஒருவர், கணக்காளர் ஒருவர், இன்னும் வேலைக்குச் செல்பவர் ஒருவர், குடிசார் பொறியியலாளராக இருந்து இளைப்பாறிய அக்கா ஒருவர். அந்த அக்கா வந்திராவிட்டால் இக்கட்டுரையிற் பாதி இருந்திராது. நாம் சுவரில் சிற்பத்தைத் தேடினோம். அவர் வெடிப்பைத் தேடினார். பாடசாலையின் பழைய மண்டபத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டுவதா, உள்ளதைத் திருத்துவதா என்று சங்கக் கூட்டங்களில் நடந்துவரும் வாதம் வாசகிகள் அறிந்ததே. அதில் இடிக்க வேண்டும் என்ற பக்கத்தில் நின்றவர் அவர். ஆகவே அந்த வாதமும் எங்களோடு புகையிரதம் ஏறிற்று.

முதலிற் சென்றது ஈலிக்கு. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே, ஒரு காலத்தில் நாற்புறமும் சதுப்பாகக் கிடந்த நிலத்தின் நடுவே ஒரு சிறிய மேடு அது. விலாங்கு மீன் மிகுந்த இடமாதலால் இப்பெயர் வந்தது என்று பீட் என்னும் துறவி எட்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். சதுப்பு வற்றடிக்கப்பட்டு இன்று வயலாகிவிட்டது. சமதரையில் பல மைல்களுக்கு அப்பாலிருந்தே பேராலயம் தெரிகிறது. புகையிரத யன்னலூடாகப் பார்க்கும்போது வயல்வெளியில் நங்கூரமிட்ட பெரிய கப்பல் போல இருந்தது.

அந்த மேட்டில் 673ஆம் ஆண்டு முதலில் மடம் அமைத்தவர் ஒரு பெண். நோர்தம்பிரியா நாட்டின் அரசியாக இருந்து அதைத் துறந்து வந்த எதல்திரித் அம்மையார், ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் சேர்ந்திருந்த மடம் ஒன்றை நிறுவித் தாமே தலைவியாக இருந்தார். அவருக்குப் பின் அவருடைய சகோதரி அப்பொறுப்பை ஏற்றார். பெண்கள் பாடசாலையிற் படித்த எங்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. அம்மையாரின் பெயர் மக்கள் நாவில் ஓட்றி என மருவியது. அவருடைய திருநாட் சந்தையில் விற்கப்பட்ட கழுத்துப்பட்டிகள் செயின்ட் ஓட்றி லேஸ் எனப்பட்டன. காலப்போக்கில் அவை மலிவுச் சரக்காகிவிட, பகட்டான மலிவுப் பொருளைக் குறிக்கும் 'டோட்றி' என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்தது. அரச வாழ்வைத் துறந்த ஒருவருக்கு மொழி செய்த கைம்மாறு இது!

இன்று நாம் காணும் கட்டடம் 1083இல் நோர்மானியர் காலத்தில் தொடங்கப்பட்டது. நீண்ட நடுக்கூடம், அதைக் குறுக்கே வெட்டும் கூடம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நான்கு பெருந்தூண்களின் மேல் ஒரு சதுரக் கோபுரம் என்பதே அக்காலத்தின் வழமையான அமைப்பு. 1322 பெப்ரவரியில் ஓர் இரவு, வழிபாடு முடிந்து துறவிகள் படுக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கோபுரம் இடிந்து விழுந்தது. பூமியதிர்ச்சி என்றே அவர்கள் நினைத்தார்களாம். பேராலயக் கட்டடத்துக்குப் பொறுப்பாயிருந்த துறவி வோல்சிங்கம் அலன், எந்தப் பக்கம் திரும்புவது, என்ன செய்வது என்று தெரியாமல் துயருற்று நின்றார் என மடத்தின் வரலாற்றேடு சொல்கிறது. அவர் பொற்கொல்லர் வேலை அறிந்தவர். மோதிரத்தில் கல் பதிக்கத் தெரிந்த ஒருவர் முன்னால், ஒரு கோபுரம் அளவான கற்குவியல்.

இடிபாடுகளை அள்ளி முடித்தபின் அவர் எடுத்த முடிவுதான் ஈலியை ஈலியாக்கியது. விழுந்த சதுரக் கோபுரத்தை அப்படியே திரும்பக் கட்டவில்லை. மிஞ்சிய தூண்களின் அடியையும் அகற்றிவிட்டு, அவற்றுக்கு வெளியே உறுதியான நிலம் எங்கே இருக்கிறது என்று தேடி, எட்டு இடங்களை அளந்து குறித்து, அங்கே எட்டுத் தூண்களை எழுப்பினார். நடுவே ஏறத்தாழ 22 மீற்றர் அகலமான எண்கோண வெளி கிடைத்தது. இவ்வளவு அகலத்துக்குக் கல்லால் கூரை போடுவது முடியாத காரியம். எனவே லண்டனிலிருந்து மன்னரின் தச்சரான வில்லியம் ஹேர்லி அழைக்கப்பட்டார். மரத்தால் ஒரு விளக்குக்கூடு செய்து எட்டுத் தூண்களின் நடுவே, அந்தரத்தில் நிறுத்துவது அவருடைய வேலை.

அதற்கு வேண்டியிருந்தவை ஒவ்வொன்றும் 63 அடி நீளமான எட்டு ஓக் மரங்கள். அவ்வளவு நீளத்துக்குக் கோணலின்றி வளர்ந்த மரங்கள் அன்றே அரிதாகிவிட்டன. ஊர் ஊராகத் தேடி, பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள சிக்சாண்ட்ஸ் என்ற இடத்தில் மரம் வாங்கினார்கள். அவற்றைக் கொண்டுவருவதற்காக வழியிலிருந்த தெருக்களையும் பாலங்களையும் பலப்படுத்த வேண்டியிருந்தது. கல்வேலை 1328இலும் மரவேலை 1342 அளவிலும் முடிந்தன. கோபுரம் விழுந்து இருபது ஆண்டுகள்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த விளக்குக்கூடு எதன்மேல் நிற்கிறது என்றே தெரிவதில்லை. எட்டு மூலையிலிருந்தும் விசிறி போல விரியும் வரிகளின் நுனியில் அது மிதப்பது போலிருக்கும். வழிகாட்டியோடு மேலே ஏறினால்தான் சூட்சுமம் தெரியும். 170 படிகள். முழங்கால் சம்மதித்த நால்வர் மட்டும் ஏறினோம். நாம் கீழிருந்து பார்த்த விசிறி வெறும் பலகைத் திரைதான். அதன் பின்னால், ஆளின் உடம்பை விடத் தடித்த ஓக் தீராந்திகள் சாய்வாக ஊன்றி, முழுப் பாரத்தையும் கல்தூண்களுக்குக் கடத்திக்கொண்டிருக்கின்றன. கோடரி வெட்டின் தழும்பு இன்னும் மரத்தில் இருக்கிறது. தேவதூதர் படம் தீட்டிய கதவுப் பலகைகளைத் திறந்து எட்டிப் பார்த்தால், கீழே நின்ற எங்கள் தோழிகள் இருவரும் தம்ளர் அளவில் தெரிந்தார்கள். தீராந்திகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களைத் தடவிப் பார்த்த எங்கள் பொறியியலாளர் அக்கா, "விழுந்ததை விழுந்த மாதிரியே திரும்பக் கட்டியிருந்தால் திரும்பவும் விழுந்திருக்கும். இந்த மனுசன் முதலில் நிலத்தைப் பார்த்திருக்கிறார்" என்றார். யாரையும் இலேசில் பாராட்டாதவர் அவர்.

ஈலியில் திருத்தப்படாமல் விடப்பட்டவையும் உண்டு. மேற்கு வாயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கம் ஒரு சிறகு இருக்கும், இடப்பக்கம் இராது. பதினைந்தாம் நூற்றாண்டில் விழுந்த அச்சிறகை எவரும் திரும்பக் கட்டவில்லை. வடகிழக்கே, மாதாவுக்கென்று கட்டப்பட்ட தனி ஆலயத்தின் கதை இன்னும் வருத்தமானது. 1321இல் தொடங்கிய அப்பணியை முன்னின்று நடத்திய விஸ்பீச் ஜோன் என்ற துறவி, வேலை முடிந்த 1349ஆம் ஆண்டிலேயே பெருங் கொள்ளைநோயில் இறந்தார். சுவர் முழுவதும் நிறைந்திருந்த நூற்றுக்கணக்கான சிறு சிலைகளின் தலைகளை இரண்டு நூற்றாண்டுகளின் பின் மதச் சீர்திருத்தக்காரர் தட்டி உடைத்தார்கள். ஒன்றையும் விடாமல், ஒழுங்காக, வரிசையாக உடைத்திருக்கிறார்கள். நிறக்கண்ணாடியும் போய்விட்டதால் வெள்ளை வெளிச்சம் உள்ளே கொட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் தலையில்லாத உருவங்களின் ஆடை மடிப்புகள் அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்தன. தலைகளைப் புதிதாகச் செய்து வைத்தால் என்ன என்று எங்களுள் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பதே எமது எண்ணம். அந்தச் சுவரில் நடந்தது என்ன என்பது அப்படியே தெரிய வேண்டும்.

வெல்ஸ் நகருக்குப் புகையிரதம் இல்லை. பாத் வரை சென்று அங்கிருந்து பஸ்ஸில் போனோம். மலையடிவாரத்தில், ஊற்றுகளின் பக்கத்தில் அமைந்த சிற்றூர் அது. பெயரே ஊற்றுகளால் வந்தது. அங்கே கட்டட வேலை பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுக்கோபுரத்தை மேலும் உயர்த்தி, அதன்மேல் ஈயத் தகடு போர்த்த ஊசிக்கோபுரமும் வைத்தார்கள். பாரம் தாங்காமல் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கத் தொடங்கியது. சுவர்கள் வெடித்தன. கோபுரத்தை இறக்கிவிடுவதுதான் சாதாரணமாக யாருக்கும் தோன்றும் வழி. தலைமைக் கற்றச்சர் வில்லியம் ஜோய் வேறு வழி கண்டார். 1338 முதல் பத்து ஆண்டுகளில், கோபுரத்தைத் தாங்கும் தூண்களுக்கிடையே மூன்று பக்கங்களில் பெரிய வளைவுகளைக் கட்டி, ஒவ்வொன்றின் தலைமேலும் இன்னொரு வளைவைக் கவிழ்த்து வைத்தார். பார்வைக்குக் கத்தரிக்கோல் விரிந்து நிற்பது போலிருக்கும். இரு பக்கமும் இரண்டு பெரிய வட்டத் துவாரங்கள். ஆந்தையின் கண்கள் என்று எங்கள் தாதித் தோழி சொன்னார். அதன்பின் எமக்கு வேறெதுவாகவும் தெரியவில்லை.

சாய்ந்துவரும் தூண்கள் ஒன்றையொன்று தள்ளிப்பிடிக்கும்படி செய்த முட்டுத்தான் அது. வயலில் சாயும் வாழைக்கு இரண்டு தடிகளைக் குறுக்கே கட்டி முட்டுக்கொடுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே யோசனையைக் கல்லில், இந்த அளவில் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும்! இந்த வளைவுகள் நடுக்கூடத்தின் பார்வையை மறைத்து அழகைக் கெடுத்துவிட்டன என்று சொல்வோரும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. நுழைந்தவுடன் கண் நேரே பீடம் வரை போக விரும்புகிறது, போக முடியவில்லை. ஆனால் சிறிது நேரம் நின்றால் அந்தத் தடையைப் பார்ப்பதற்கே வந்தோம் என்றாகிவிடும்.

வெல்ஸில் தூண்களின் தலைப்புகளை விட்டுவர மனம் வராது. தெற்குக் குறுக்குக்கூடத்தில் ஒருவன் வாயை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பல்வலியால் துடிக்கிறான். அருகே ஒரு தூணைச் சுற்றி ஒரு கதை: இருவர் தோட்டத்தில் புகுந்து பழம் திருடுகிறார்கள், தோட்டக்காரனுக்குச் செய்தி போகிறது, ஒருவன் அகப்படுகிறான், அவன் மண்டையில் அடி விழுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கியவனுக்கு எந்த ஊர்த் தோட்டக்காரன் ஞாபகத்தில் வந்தானோ! 1274இல் இறந்த ஆயர் ஒருவரின் கல்லறையும் அங்கே இருக்கிறது. அதைத் தொட்டு வேண்டினால் பல்வலி தீரும் என்று மக்கள் தேடி வந்தார்களாம். பல்வலிக்காரனின் சிற்பம் அதற்கு முந்தியது. ஏறத்தாழ 1390இல் செய்த மணிக்கூட்டில் ஒவ்வொரு கால் மணிக்கும் குதிரை வீரர்கள் சுற்றி வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே வீரன்தான் அடிபட்டுச் சாய்கிறான். அறுநூறு ஆண்டுகளாக அவனுக்கு விமோசனம் இல்லை.

சால்ஸ்பரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதன் அழகைப் பற்றிப் பிறர் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். 1220இல் அத்திவாரக்கல் வைத்து 1258இல் திருநிலைப்படுத்தினார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரே கையால் வரைந்தது போன்ற கட்டடம். அடுத்த நூற்றாண்டில் வந்தவர்கள் அதன்மேல் 404 அடி, அதாவது 123 மீற்றர் உயரம் வரும்படி கோபுரத்தையும் ஊசியையும் ஏற்றினார்கள். பிரித்தானியாவில் இன்றும் இதைவிட உயரமான ஆலயக் கோபுரம் இல்லை. கூட்டிய பாரம் ஏறத்தாழ 6,500 தொன். அத்திவாரத்தின் ஆழமோ நான்கு அடி! ஈரமான பரற்கல் படுகையின் மேல் அது நிற்கிறது. தரைக் கல் ஒன்றை உயர்த்தி, உள்ளே கோலை விட்டு, நிலத்தடி நீர் எவ்வளவு நிற்கிறதென்று வழிகாட்டி எமக்குக் காட்டினார். கிணற்றுக்குக் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது போல. அந்த நீர்மட்டம் அதிகம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

சந்தியில் உள்ள பளிங்கு போன்ற தூண்களோடு ஒட்டி நின்று மேலே பார்த்தால் அவை வில்லாக வளைந்திருப்பது வெறுங் கண்ணுக்கே தெரியும். 1668இல் கிறிஸ்தோபர் ரென் வந்து அளந்தபோது ஊசியின் நுனி இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்திருந்தது. இரும்புக் கட்டுகள் போடச் சொன்னார். ஊசிக்கோபுரத்தின் உள்ளே அதைக் கட்டும்போது போட்ட மரச் சாரம் இன்னும் கழற்றப்படாமலே இருக்கிறது. "இன்றைக்கு இந்தப் படத்தைக் கொண்டுபோனால் எந்த நகரசபையும் அனுமதி தராது. நானும் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்று அக்கா சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் அந்தத் தூணடியிலேயே நின்றார்.

வின்செஸ்டர் எங்களுள் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவரின் விருப்பம். ஜேன் ஒஸ்டின் 1817இல் அடக்கம் செய்யப்பட்டது அங்கேதான். நடுக்கூடத்தின் வடபுறத் தரையில் பதித்த கல்லில் அவருடைய குணநலன்களும் தந்தையின் பெயரும் இருக்கின்றன. அவர் நாவல் எழுதினார் என்ற செய்தி இல்லை. 1872இல் சுவரில் பொருத்திய பித்தளைத் தகடு அதைச் சொல்கிறது. இதுவும் ஒருவகைத் திருத்தம் என்று எங்கள் ஆசிரியை சொன்னார்.

ஆனால் எமக்கு வின்செஸ்டர் என்றால் இனி ஒரு சுழியோடியின் பெயர்தான். 1079இல் தொடங்கிய அப்பேராலயத்தின் கிழக்குப் பகுதியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீட்டினார்கள். அங்கே நிலம் சேறும் முற்றா நிலக்கரியும் கலந்தது. கட்டியவர்கள் பெரிய மரக்குற்றிகளைக் கிடையாக அடுக்கி அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். எழுநூறு ஆண்டுகள் தாங்கின. 1905 அளவில் சுவர்கள் வெளியே சாய்ந்து, கை போகுமளவுக்கு வெடிப்புகள் விழுந்து, கூரையிலிருந்து கற்கள் உதிரத் தொடங்கின. கட்டடக் கலைஞர் தோமஸ் ஜக்சன், பொறியியலாளர் பிரான்சிஸ் பொக்ஸைக் கூட்டிவந்தார். சுவரடியில் குழி தோண்டினால் நீர் ஊறி நிரம்பியது. இறைத்தால் நீரோடு மண்ணும் வந்து சுவர் இன்னும் இறங்கும். இறைக்காமல் வேலை செய்ய முடியாது.

அப்போதுதான் வில்லியம் வோக்கர் என்ற சுழியோடியை அழைத்தார்கள். 1906 முதல் 1911 வரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம், இருபது அடி வரை ஆழமான குழிகளில் இறங்கி அவர் வேலை செய்தார். உடுப்பும் தலைக்கவசமும் ஈயப் பாதணியும் சேர்ந்து தொண்ணூறு கிலோ வரும். பேராலயத்தைச் சுற்றிலும் இடுகாடு. நீர் கலங்கிக் கறுத்திருந்தது. விளக்குக் கொண்டுபோயும் பயனில்லை. கைகளால் தடவித் தடவியே சேற்றை அகற்றி, அடியிலுள்ள உறுதியான பரற்படுகையைக் கண்டு, அதன்மேல் கொங்கிறீற்று மூட்டைகளை அடுக்கினார். அவை இறுகி நீர் வருவது அடைபட்டபின் குழியை இறைத்துவிட்டு மற்றத் தொழிலாளர் மேலே சுவர் வரை கட்டினார்கள். இப்படி 235 குழிகள். 25,800 மூட்டை கொங்கிறீற்று, 114,900 கொங்கிறீற்றுக் கற்கள், 900,000 செங்கற்கள் போயின. வார இறுதிகளில் அவர் குரோய்டன் பக்கமிருந்த வீட்டுக்குச் சைக்கிளிற் போய்வந்தார் என்று சொல்லப்படுகிறது. குரோய்டனில் எத்தனை பழைய மாணவிகள் இருக்கிறீர்கள்! மோட்டார் வண்டியிலேயே அது ஒன்றரை மணி நேரப் பயணம் என்பது உங்களுக்குத் தெரியும்.

1912 ஜூலை 15ஆம் திகதி நடந்த நன்றி வழிபாட்டில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அவருக்கு நன்றி சொன்னார். 1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாவில் அவர் இறந்துபோனார். 1964இல் பேராலயத்தில் அவருக்கு ஒரு சிறு சிலை வைத்தபோது, படம் மாறிப்போய்ச் சுழியோடியின் உடுப்புக்குள் பொறியியலாளர் பொக்ஸின் முகம் வந்துவிட்டது. சரியான முகத்தோடு இன்னொரு சிலை வைக்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டு நாம் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வேலை செய்தவனை விட மேற்பார்வை செய்தவனின் படம்தான் கோப்பில் இருக்கும். எல்லா இடத்திலும் இதுதான்" என்றார்.

அன்று பின்னேரம் திரும்பி வருகையில் மண்டபத்தின் பேச்சு மறுபடி எழுந்தது. அக்கா தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக நாம் இங்கே எழுதினால் அவர் எங்களோடு சண்டைக்கு வருவார். இடிப்பதற்கு மதிப்பீடு எடுத்திருக்கிறார்கள், கட்டுவதற்கு எடுத்திருக்கிறார்கள், யாராவது அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டார். எங்களுள் எவருக்கும் பதில் தெரியவில்லை. செயற்குழுவுக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார்.

யோர்க்குக்கு இரண்டு நாள் ஒதுக்கிப் போனோம், அது போதவில்லை. அங்கே நடுக்கோபுரத்தின் அடி 1967இல் ஆபத்தான நிலையில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, ஐந்து ஆண்டுகளாகப் பழைய அத்திவாரத்தைச் சுற்றிக் கொங்கிறீற்றுக் கவசம் போட்டுத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளால் இறுக்கிக் கட்டினார்கள். தோண்டிய இடத்தில் உரோமர் காலச் சுவர்கள் வெளிப்பட்டன. இப்போது அது நிலத்தடி அரும்பொருட்காட்சியகம். இறங்கிப் பார்க்கலாம். 1984 ஜூலை 9ஆம் திகதி அதிகாலையில் தெற்குக் குறுக்குக்கூடம் தீப்பற்றியது. தீ மற்றப் பகுதிகளுக்குத் தாவாமலிருக்க, தீயணைப்புப் படையினர் நீரைப் பீய்ச்சி எரியும் கூரையை வேண்டுமென்றே விழுத்தினார்கள். வட்ட வடிவான ரோஜாச் சாளரத்தின் கண்ணாடி ஏறத்தாழ 40,000 இடங்களில் வெடித்தும் விழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் அதற்குப் புது ஈயம் இட்டிருந்தார்கள். ஓக் மரத்தில் கூரையைத் திரும்பச் செய்தபோது, அதில் பதிக்கும் சிற்பங்களில் ஆறு, தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற சிறுவர்களின் படங்களைப் பார்த்துச் செதுக்கப்பட்டவை. சந்திரனில் மனிதன் இறங்கிய காட்சியும் ஒன்று. ஈலியின் கோபுரத்தில் ஏறாத தோழி ஒருவர் கொண்டுவந்த தொலைநோக்கியால் அதைக் கண்டுபிடித்தோம்.

கிழக்கிலுள்ள பெருஞ்சாளரத்தைத் தீட்டியவர் கொவென்ரி ஜோன் தோர்ன்டன். 1405இல் ஒப்பந்தம், மூன்று ஆண்டில் முடிக்க வேண்டும், மொத்தக் கூலி 56 பவுண். உலகின் தொடக்கத்தையும் முடிவையும் 300க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளில் தீட்டி 1408இல் முடித்துக் கொடுத்தார். டெனிஸ் மைதானம் ஒன்றின் அளவுள்ள அந்தச் சாளரத்தை எங்கள் காலத்தில் கழற்றித் திருத்தி மீண்டும் பூட்ட, 2018 வரை பத்து ஆண்டுகள் பிடித்தன. செய்ததிலும் பார்க்க மூன்று மடங்கு காலம்.

வடக்குக் குறுக்குக்கூடத்தில் ஐந்து சகோதரிகள் என்று பெயர் பெற்ற சாளரம் இருக்கிறது. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஒடுங்கி உயர்ந்த ஐந்து சாளரங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கண்ணாடி, உருவங்கள் இல்லை, சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் கொடியும் இலையும் மட்டும். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். முதலாம் உலகப் போரில் ஆகாயக் குண்டுக்குப் பயந்து அவற்றைக் கழற்றி வைத்தார்கள். போர் முடிந்தபோது கண்ணாடியைத் தாங்கும் ஈயம் உக்கிப்போயிருந்தது. திருத்தப் பணமில்லை. யோர்க்கின் பெண்கள் அப்பொறுப்பை ஏற்றார்கள். போரில் உயிரிழந்த ஆண்களுக்கு ஊர்தோறும் நினைவுச்சின்னங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது; பெண்களுக்கு இல்லை. இந்தச் சாளரத்தைத் திருத்தி, அன்றைய பேரரசு முழுவதிலும் போர்ப் பணியில் இறந்த பெண்களுக்கு நினைவாக்குவோம் என்று கேட்டார்கள். ஒன்பது வாரங்களில் 32,000 பெண்கள் பணம் கொடுத்தார்கள். பெரிய தொகைகள் அல்ல. பலர் கொடுத்தது ஓரிரு சிலிங்.

ஈயம் கிடைத்த விதம் இன்னொரு கதை. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது ரீவோ என்ற மடத்தின் கூரை ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். எடுத்துச்செல்லும் முன் சுவர் இடிந்து அதன்மேல் விழ, ஈயம் கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகள் அங்கேயே புதைந்து கிடந்தது. அது அகப்பட்ட நேரமும் சாளரத்துக்கு ஈயம் தேவைப்பட்ட நேரமும் ஒத்துவந்தன. ஐந்து சகோதரிகளைத் தாங்கி நிற்பது இன்று அந்த ஈயந்தான். 1925 ஜூன் 24ஆம் திகதி சாளரம் மீண்டும் திறக்கப்பட்டது. எமது சங்கத்துக்கு ஏறத்தாழ ஒத்த வயது.

யோர்க்குக்குப் போகும் பழைய மாணவிகள் சாளரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அருகேயுள்ள சிற்றாலயத்தில் ஓக் மரத் திரைகள் இருக்கின்றன. கதவு போல விரிபவை. அவற்றில் 1,400க்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. தாதிமார், வைத்தியர்கள், வண்டியோட்டிகள், வெடிமருந்துச் சாலையில் வேலை செய்தவர்கள். நாம் போன வேளையில் திரைகள் மூடியிருந்தன. கேட்டவுடன் அங்கிருந்த தொண்டர் அம்மா மகிழ்ச்சியோடு விரித்துக் காட்டினார். எங்கள் தாதித் தோழி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். புகையிரதத்துக்கு நேரமாகிவிட்டதென்று நாம் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.